கை சுற்று பதிமூன்றரை

நித்யா பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பார்த்ததும் சிரிப்பாய் என்று தெரியும். நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜில் இரண்டு நிமிஷம் குக்கர் விசிலை அனுப்புகிறவள் பேனா பிடித்து உட்கார்ந்துவிட்டாளா என்று மாப்பிள்ளை பிரகாஷிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள். சில சங்கதிகளை வாயால் சொல்ல வந்தால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், அதற்குள் நீ குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது. அளவு நோட்டின் பின்பக்கத் தாள்களைக் கிழித்துத்தான் எழுதுகிறேன். மத்தியானம், கரண்ட் போயிருக்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு நான் மெஷினை மிதிப்பதில்லை, மோட்டார்தான், அதனால் கை சும்மா இருக்கிறது. உன் கல்யாண ஜாக்கெட்டோடு இதையும் மடித்து, நீ படகுப் பயிற்சியில் இருக்கும் கொச்சிக்குக் கூரியரில் அனுப்பப் போகிறேன். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஆரி வேலைக்குத் துணி கொடுக்க வேண்டும், கை அளவு சொல் என்று நான் கேட்டேன். "யம்மா, கை சுத்து பதினொண்ணு வெச்சித் தெச்சிடு. இன்னும் மூணு வாரம் கீதுல்ல, அதுக்குள்ள நான் எளைச்சிட்றேன். ராத்திரி சோறு வுட்டாச்சி, முட்டையும் கட்டு" என்றாய். கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் உனக்குத் துடுப்புப் படகில் தேர்வுப் போட்டி இருக்கிறது. ஒரு வருஷமாக அதற்காக உடம்பைக் கட்டிக்கொண்டு வந்தவள், போட்டோவில் கை மெலிதாகத் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாய். அடுத்து, பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களை நான் படிக்க, ராயபுரம் ரெஜினா டீச்சர் பெயர் வந்ததும் வெட்டினாய். "அவங்களுக்கு இன்னாத்துக்குப் பத்திரிகை? என்னை வேணாம்னு தூக்கிப் போட்டவங்க. அவங்க வந்து எனக்கு அட்சதை போட வாணாம்." சரி என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ சொன்ன இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் பாப்பா. அந்த வேரை நட்டவள் நான்.

காலடிப்பேட்டையில் இந்த ஒற்றை அறைக் கடையில் இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறேன். எந்தப் பெண் உள்ளே நுழைந்தாலும் முகத்துக்கு முன்னால் தோளைத்தான் பார்ப்பேன். டேப் எடுப்பதற்குள் கண்ணே முக்கால்வாசி அளவைச் சொல்லிவிடும். நோட்டில் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம், உனக்கு மட்டும் எட்டுப் பக்கம். பாவாடை சட்டை காலத்திலிருந்து இருக்கிறது. மற்ற அம்மாக்கள் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வளர்த்தியைப் பார்ப்பார்கள். நான் தோள், மார்பு, கை சுற்று, இடுப்பு என்று உன்னை எழுதி வைத்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நீ இருநூறு மீட்டர் ஓடியதை முதல்முதலாக மைதானத்தில் வந்து பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் நீ வளைவைத் தாண்டிவிட்டாய். உன் நைனா அன்றைக்கு ஹார்பரில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, கன்டெய்னர் இறக்குவதற்கு முன்னாலேயே ஓடி வந்திருந்தார். "இன்னாடி இது, என் பொண்ணா இது, ஜிவ்வுனு பூட்டா" என்று வாயைத் திறந்தவர் மூடவில்லை. அடுத்த நாளிலிருந்து உனக்குத் தினம் நாலு முட்டை. ரெஜினா டீச்சர், உங்கள் பி.டி. டீச்சர், தன் கையால் மணல் மூட்டை கட்டி உன் முதுகில் ஏற்றி, பள்ளிக்கூட மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பார். பத்தாம் வகுப்பு வரும்போது உன் தொடையும் தோளும் நன்றாகத் திரண்டுவிட்டன. நீ ஓடி வந்து நின்றால் மைதானத்தில் மற்ற பெண்கள் எல்லாம் பாதி ஆளாகத் தெரிவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்ததைப் படித்தால், பெருமையே இல்லாத தாய் என்று நினைத்துவிடுவாய்.

தண்டையார்பேட்டை மண்டபத்தில் உன் அத்தை மகள் கல்யாணம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. அந்த மாதம் எனக்கு முகூர்த்த ஆர்டர், மூச்சு விட நேரமில்லை. ஊருக்கெல்லாம் நின்று நிதானமாக அளவெடுத்தவள், உனக்கு எடுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய அளவைப் பார்த்து, கை சுற்று பத்தரை என்று ஜாக்கெட்டை வெட்டித் தைத்துவிட்டேன். அவசரத்தில், இறுகினால் பிரித்துவிட உள்ளே துணியும் விடவில்லை. தையற்காரி செய்யவே கூடாத தப்பு. மண்டபத்தில் மணப்பெண் அறையில் நீ அதைப் போட்டாய், கை பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உன் கை மரத்துப்போய் நீலம் பாய்ந்துவிட்டது. கடைசியில் யாரோ கொடுத்த பிளேடால் தையலைக் கிழித்துத்தான் எடுத்தேன். உன் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னா அண்ணி, ஊருக்கெல்லாம் தெச்சிக் குடுக்கற, ஒன் பொண்ணுக்குக் கை பூரலியா? இது பொண்ணு கையா, ஹார்பர்ல மூட்டை தூக்கற கையா? எவன் அண்ணி கட்டுவான்?" அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சுடிதார் துப்பட்டாவை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாய். முகூர்த்தம் முடியும் வரை அதை எடுக்கவில்லை.

அன்றைக்கு என் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அளவெடுக்காமல் வெட்டியது நான், பிள்ளையின் கை என்ன செய்யும் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தொழில்காரியின் ரோஷம் விடவில்லை. வீட்டுக்கு வந்து டேப் எடுத்தேன், பன்னிரண்டு இருந்தது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. கைக்குத் தக்கபடி ஜாக்கெட் வெட்டுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு ஜாக்கெட்டுக்குத் தக்கபடி கையை வெட்டத் துணிந்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. திங்கட்கிழமை காலையில் உனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய் ரெஜினா டீச்சரைப் பார்த்தேன். டாக்டரிடம் உன்னைக் காட்டினேன் என்று பொய் சொன்னேன். உடம்பில் ஏதோ சுரப்பி கோளாறாம், இனிமேல் வெயிட் தூக்கக்கூடாதாம், வேகமாக ஓடக்கூடாதாம், மெதுவாக நீளமாக ஓடி உடம்பைக் குறைத்தே ஆக வேண்டுமாம் என்றேன். டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "நீங்க காசிமேட்டுல மீன் வாங்கறவங்கதானேம்மா? சூரையை அறுத்தா சதை எப்படி இருக்கும்? செவசெவன்னு இருக்கும். ஏன்னா அது நாள் பூரா நிக்காம நீந்தற மீனு. கொடுவாவை அறுத்துப் பாருங்க, வெள்ளையா இருக்கும். அது சும்மா கெடக்கும், எரை வந்தா ஒரே பாய்ச்சல், அவ்ளோதான். மனுஷன் உடம்புல ரெண்டு சதையும் கலந்துதான் கீது. சிலருக்கு அது தூக்கல், சிலருக்கு இது தூக்கல். உங்க பொண்ணு கொடுவாம்மா. அவளைப் போய் சூரை ஆக்கச் சொல்றீங்களே."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. வாரத்தில் மூன்று நாள் மீன் அறுக்கிறவளுக்குப் புரியாமல் போகுமா? உன் நைனாவும் அதைத்தான் வேறு விதமாகச் சொல்வார். கிடங்கில் மூட்டை இறக்கும் பெரியவர்கள் குச்சி குச்சியாக இருப்பார்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே நடையில் தூக்குவார்கள். வியாசர்பாடி ஜிம்மிலிருந்து மார்பை விரித்துக்கொண்டு வருகிற பையன்கள் ஒரே தூக்கில் இரண்டு மூட்டை எடுப்பார்கள், பத்தாவது நடையில் நாக்குத் தள்ளிவிடும். "ரெண்டு பேரும் ஆம்பளதான், ஆனா வேற வேற வண்டி. லோடு வண்டிய ரேஸுக்கு வுடுவியா?" என்பார். எல்லாம் தெரிந்துதான் நான் டீச்சரிடம், டாக்டர் சொல்லிவிட்டார் நான் என்ன செய்வது என்று கையைப் பிசைந்தேன். பாப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், வயசுப் பெண், வெட்கப்பட்டு எதையாவது செய்துகொள்வாள் என்று சத்தியமும் வாங்கினேன். பெற்றவள் பொய் சொல்வாளா என்று அவர் நம்பிவிட்டார்.

மறுநாளே உன்னை இருநூறிலிருந்து எடுத்து மூவாயிரத்தில் போட்டார்கள். வீட்டில் நான் என் பங்கைச் செய்தேன். நாலு முட்டை ஒன்றானது. காலையில் கொள்ளுத் தண்ணீர், ராத்திரி கொள்ளு ரசம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருக்கிறது. நீ கொழுக்கவே இல்லையே, திரண்டுதானே இருந்தாய். டேப்புக்குக் கொழுப்பும் தெரியாது, சதையும் தெரியாது, சுற்றினால் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். நானும் டேப் மாதிரியே இருந்தேன். இரண்டு வருஷத்தில் உன் கை பத்தே காலுக்கு வந்தது. அந்த எண்ணின் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நோட்டில் உன் பக்கத்தில் இருக்கிறது, இப்போது கூடப் பார்த்தேன்.

பிளஸ் டூவில் நடந்த மண்டலப் போட்டிக்கு உனக்குத் தெரியாமல் நான் வந்திருந்தேன். ஏழரைச் சுற்று. முதல் சுற்றில் நீதான் முன்னால் இருந்தாய், உனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்தாய். எண்ணூரிலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பெண், என் கண்ணுக்கு மார்பு இருபத்தெட்டு, கை சுற்று எட்டுகூட இருக்காது, மூச்சு வாங்காமல் அப்படியே ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். உன்னை ஒரு முழுச் சுற்று தாண்டிப் போனாள். அவளுக்குச் சுமக்க உடம்பே இல்லை. நீயோ பாதிச் சதையை இழந்தும், அவள் அளவுக்கு இறங்கவில்லை, அவள் மூச்சும் உனக்கு வரவில்லை. கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தாய். பிளஸ் டூ ஆரம்பத்தில் நீயாகப் போய் இருநூறு மீட்டர் ஓடிப் பார்த்தாயாமே, அந்தப் பாய்ச்சலும் போயிருந்தது. இக்கரையும் இல்லை, அக்கரையும் இல்லை என்று உன்னை நடு ஆற்றில் விட்டது நான்.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் நான் டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூட கேட்டுக்குள் நிற்கும்போதுதான் நீ டீச்சரிடம் கத்தினாய். "ஒங்களுக்கு வேண்டிய பொண்ணு ஓடணும்னுதானே என்னைத் தூக்கினீங்க? அதுக்குத்தானே என்னை நாசம் பண்ணீங்க?" மைதானத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் உனக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உன்னிடம் திரும்பி, "ஆமா, அப்படியே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் செய்து கொடுத்த சத்தியத்துக்காக, தன் மாணவியிடம் பாவி என்று பெயர் வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷமாகிறது. நீ வெறுக்க வேண்டியது அவரை இல்லை பாப்பா.

நீ ஸ்பைக் ஷூவைப் பரணில் போட்டாய். காலேஜ் சேர்ந்து நாலாவது மாதம், துடுப்புப் படகு அணியில் பெயர் கொடுத்துவிட்டு வந்து தட்டைத் தட்டினாயே, அதுதான் எனக்குச் சாமி கொடுத்த மறுவாய்ப்பு. "யம்மா, அங்க ஒல்லியா கீறவங்கள சேத்துக்க மாட்டேன்றாங்க. சோறு போடு." நான் கேள்வியே கேட்கவில்லை. ஒன்றாக இருந்த முட்டையை ஆறாக்கினேன். ஹால் டியூப்லைட்டுக்குக் கீழே நீ தண்டால் எடுப்பாய், நான் பட்டன் கட்டிக்கொண்டே எண்ணுவேன். பத்தே கால் பதினொன்றானது, பதினொன்றரை ஆனது. அடையாற்றுப் பக்கம் நடந்த உன் முதல் போட்டிக்கு நானும் நைனாவும் ஆளுக்கொரு தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தோமே. இரண்டு கிலோமீட்டர், எட்டு நிமிஷத்துக்கு மேல். ஆரம்பத்தில் நின்ற படகைக் கிளப்ப உன் பழைய பாய்ச்சல் வந்தது, நடுவில் நீளமான மூச்சு வந்தது, கடைசியில் மறுபடியும் பாய்ச்சல். தரையில் ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இங்கே உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, அதனால் திரண்ட சதை பாரமில்லை, இழுக்கிற பலம் என்று நீ விளக்கினாய். நைனா ஒரே வரியில் முடித்தார்: "அப்ப என் பொண்ணு ரெண்டு மீனும்தான்." நீ இரண்டாவதாக வந்தாய். எனக்கு முதல் என்றுதான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மூவாயிரம் ஓடிய இரண்டு வருஷம் மூச்சைக் கொடுத்தது, வீணாகவில்லை என்று நீ ஒருநாள் சொன்னாய். நீ சொல்லலாம். நான் சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகு ஒரு டிசம்பர் மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு புல்லரிக்கும். எண்ணெய் வாடையோடு கறுப்புத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. நைனா மணலியில் லோடோடு மாட்டிக்கொண்டார். நான் துணிகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, இரும்பு ஸ்டாண்டோடு இருந்த மெஷினைப் பார்த்து அழுதுகொண்டு நின்றேன். இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து தூக்குகிற சாமான் அது. நீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒத்தும்மா" என்று என்னை விலக்கிவிட்டு, ஒரே தம்மில் அதைத் தூக்கி மார்போடு அணைத்தாய். பதினாறு படி. நடுவில் ஒரு இடத்திலும் கீழே வைக்கவில்லை. மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பின்னாலேயே ஏறி வந்தேன். உன் கையில் நரம்பு புடைத்து முறுக்கி நின்றதைப் பார்த்தேன். இந்தக் கையைத்தானே கொள்ளுத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கப் பார்த்தேன் என்று அந்தப் படியிலேயே எனக்கு உறைத்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாயோ என்ற பயத்தில் வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

பிரகாஷின் அம்மா பெண் பார்க்க வந்த அன்று, நீ காபித் தட்டை நீட்டியபோது அவர்கள் கண் உன் கைக்குப் போனது. எனக்குப் பழைய மண்டபம் ஞாபகம் வந்தது. அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, "இந்தக் கையால ஒண்ணு போட்டா எங்க பையன் ஒயுங்கா இருப்பான், எனக்கு வேலை மிச்சம்" என்றார். உனக்கு அமைந்த மாமியார் அப்படிப்பட்டவர். பிரகாஷும் உனக்காகத்தான் இங்கே கிரேன் வேலையை விட்டுக் கொச்சித் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டில் யாரும் கேட்காத பதினோரு இன்ச்சை உன்னிடம் யார் கேட்டது? நான்தான், பதினைந்து வயசில். அந்தத் துப்பட்டாவை நீ இன்னும் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் டி.வி.யில் எந்த விளையாட்டு போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே அளவெடுக்கிறேன். மாரத்தான் ஓடுகிற பெண்ணுக்கு அறுபது சென்டிமீட்டர் துணி போதும், குண்டு எறிகிறவளுக்கு ஒரு மீட்டர் பற்றாது. நூறு மீட்டர்க்காரிக்குத் தொடையும் தோளும் தாராளமாக விட வேண்டும். சைக்கிள்காரிக்குக் கை ஒல்லி, கால் மட்டும் தூண். நீச்சல்காரிக்கு முதுகு அகலம், இடுப்பில் டக் பிடித்து ஒடுக்க வேண்டும். குத்துச்சண்டைக்காரி பாவம், தராசுக்குப் பயந்து அளவோடுதான் திரள வேண்டும். ஒருத்தி அளவு இன்னொருத்திக்கு ஆகாது, ஆகாததனால் யாரும் குறைந்தவள் இல்லை. ஒரே அளவு அட்டையை வைத்து ஊரில் உள்ள எல்லாப் பெண்ணுக்கும் வெட்டுகிறவள் தையற்காரியே இல்லை. இது எனக்கு ஐம்பத்து மூன்று வயசில் புரிகிறது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், பழைய அளவை நம்பி வெட்டாதே, ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு நிறுத்தி எடு. வேறு புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உன் நைனாவிடம் செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். மூன்று வேளை என்னோடு பேசவில்லை. நாலாவது வேளை, "கொயம்பு நல்லா கீது" என்றார். பிறகு, "போய் டீச்சரைப் பாரு மொதல்ல" என்றார். நேற்று பஸ் ஏறி ராயபுரம் போனேன். டீச்சர் ரிடையர் ஆகிவிட்டார், முடி முழுக்க நரைத்துவிட்டது, உட்கார்ந்து எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறார். நான் வாசலிலேயே நின்று, டாக்டரும் இல்லை, கோளாறும் இல்லை, எல்லாம் பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அடிப்பார், கத்துவார், கதவைச் சாத்துவார் என்று எதற்கும் தயாராகத்தான் போனேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "டாக்டர் சீட்டைக் கொண்டான்னு நான் கேட்டிருக்கணும். அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். கேக்காம வுட்டது என் தப்பு" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப அவ கை எத்தினி இன்ச்சும்மா?"

போன பொங்கலுக்கு எடுத்த அளவு, பதிமூன்றரை என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் பாப்பா. "பதிமூணரையா! அடிப்பாவி!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன்.

ஜாக்கெட்டைப் பதிமூன்றரைக்குத்தான் தைத்திருக்கிறேன். ஆரி வேலைக்காரப் பெண் கை அளவைக் கேட்டுவிட்டு, பூ இன்னும் இரண்டு வரிசை கூட வருமே என்று சந்தோஷப்பட்டாள். நீ பட்டினி கிடந்து பதினொன்றுக்கு வந்தால் கை தொளதொளவென்று தொங்கும், சொல்லிவிட்டேன். இன்று ராத்திரியிலிருந்து முட்டை சாப்பிடு. மண்டபத்தில் போர்த்திக்கொள்ள உனக்கு ஒரு துப்பட்டாவும் நான் எடுத்து வைக்கப் போவதில்லை. உன் அத்தையை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன், நன்றாகப் பார்க்கட்டும்.

என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாதே, நான் காத்திருக்கிறேன். ஆனால் அதை டீச்சரிடமிருந்து இறக்கி என் மேல் வை. பார்சலில் ஒரு பத்திரிகை இருக்கிறது. உறையில் மஞ்சள் தடவியிருக்கிறேன், பெயர் எழுதவில்லை. என் கையால் எழுதினால் அது செல்லாது. நீ எழுது, ஊருக்கு வந்த அன்றே ராயபுரத்தில் இறங்கி நீயே கொடு. அவர் ஆசீர்வாதம் பண்ணும்போது கையைக் கொஞ்சம் மடக்கிக் காட்டு, பார்க்க ஆசைப்படுகிறார்.

தேர்வுப் போட்டிக்குள் இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை கையில் உள்பக்கம் ஒன்றரை இன்ச் துணி விட்டிருக்கிறேன். இறுக்கிப் பிடித்தால் பிரித்துக்கொள். பிளேடு வேண்டாம், நூலை இழுத்தாலே வரும்.

அம்மா